ஒரு சாறும் மூன்று தொடுகறியும்

வெளிநாட்டுப் பயணம் என்றதும் இளையவர்கள் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிடுவார்கள். முதியவர்களுக்கு முதலில் எழும் கேள்வி வேறு: "அங்கே போய் என்ன சாப்பிடுவது?" பெட்டியில் துணிமணிக்கு முன்பாகப் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் இடம் பிடித்துவிடும். பிள்ளைகள் இதைக் கண்டு சிரிப்பதுண்டு. ஆயினும் அறுபது, எழுபது ஆண்டுகள் ஒரு நியமத்தோடு உண்டு பழகியவர்களுக்கு இது சிரிக்கத்தக்க கவலையன்று. உணவில் ஐயம் புகுந்துவிட்டால், கண்முன் எத்தனை அழகு விரிந்தாலும் மனம் அதில் ஒன்றாது.

இந்தக் கவலை மிகுதியாக எழும் நாடுகளுள் ஜப்பான் ஒன்று. நாற்புறமும் கடல் சூழ்ந்த நாடு. மீன் இல்லாத சமையலறையைக் காண்பது அரிது. அதே ஜப்பானில்தான் பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்க்காத மடத்துச் சமையல் பல நூற்றாண்டுகளாகத் தழைத்து வருகிறது. அந்நாட்டுக்குச் செல்லும் அன்பர்கள் இவ்விரண்டையும் அறிந்திருந்தால் அச்சமின்றி உண்ணலாம்; உண்பதோடு, ஊர் திரும்பும்போது உடன் கொண்டுவரத் தக்க ஒன்றையும் காணலாம்.

கண்ணுக்குப் புலப்படாத மீன்

கி.பி. 675இல் தென்மு என்னும் ஜப்பானியப் பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்ணலாகாதென ஆணையிட்டார். பௌத்தம் அந்நாட்டில் வேரூன்றிய காலம் அது. பின்வந்த நூற்றாண்டுகளில் விலக்குகள் பல ஏற்பட்டபோதும், நாற்கால் விலங்குகளின் இறைச்சியைத் தவிர்க்கும் வழக்கம் பொதுவில் நிலைபெற்றது. 1872இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டதாக அறிவிக்கப்பட்ட பின்னரே நிலைமை வெளிப்படையாக மாறியது. ஆனால் மீனைத் தவிர்க்கும் வழக்கம் பொதுவில் நிலைபெறவில்லை. அன்றாடச் சமையலின் அடித்தளமாகவே மீன் அமைந்துவிட்டது.

அந்த அடித்தளத்தின் பெயர் தாஷி. கத்சுவோ என்னும் மீனை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டைபோல இறுகும்வரை உலர்த்தி, மெல்லிய சீவல்களாகச் சீவி வெந்நீரில் இட்டு வடிக்கும் சாறு அது. சிறு நெத்திலி வகைகளைக் காயவைத்து அவற்றிலிருந்தும் வடிப்பார்கள். மிசோ என்னும் சோயா விழுதுச் சாறு, சோபா, உதோன் ஆகிய நூடுல்ஸ் வகைகளின் குழம்பு, காய்கறி பஜ்ஜியைப் போன்ற தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் நீர், வேகவைத்த பூசணித் துண்டு ஆகிய எல்லாவற்றிலும் இச்சாறு கலந்திருக்கக்கூடும். தட்டில் தெரிவதென்னவோ காய்கறி மட்டுந்தான்.

இதில் எவருடைய வஞ்சனையும் இல்லை. நம் வீட்டில் ஒருவர் கூட்டில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டால், "வாழைத்தண்டும் பயத்தம்பருப்பும்" என்போம்; தாளித்த கடுகை யாரும் கணக்கில் சொல்வதில்லை. ஜப்பானியருக்குத் தாஷியும் அத்தகையதே. ஆகையால், "இறைச்சி இல்லையே?" என்ற கேள்வி அங்கே போதாது. "மீன் சாறும் சேர்க்கலாகாது, கத்சுவோ தாஷி வேண்டா" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இதை ஜப்பானிய எழுத்தில் ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, உணவு சொல்வதற்கு முன்பே காட்டிவிடுவது நலம். சமைத்து முடித்த பிறகு கேட்பது இருவருக்கும் சங்கடம்.

மாற்றுச் சாறும் அந்நாட்டிலேயே உண்டு. கோம்பு என்னும் கடற்பாசியையும் உலர்ந்த ஷீத்தாக்கே காளானையும் ஊறவைத்து எடுக்கும் சாறு முழுச் சைவம். சுவையில் மீன் சாற்றுக்கு இளைத்ததன்று. இக்கோம்பு சாற்றை ஆராய்ந்தே 1908இல் கிகுனாயே இக்கேதா என்னும் வேதியியல் பேராசிரியர், இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகிய நான்கிலும் அடங்காத ஒரு சுவையைக் கண்டறிந்து அதற்கு 'உமாமி' எனப் பெயரிட்டார்.

மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். ஜப்பானிய வீடுகளில் பலரும் விரும்பும் இரவு உணவுகளுள் ஒன்று, சோற்றின்மேல் கெட்டியான குழம்பை ஊற்றித் தரும் 'கரே'. பெயரைக் கேட்டதும் நம்மவர் மகிழ்ந்துவிடக் கூடாது. அது மெய்ஜி காலத்தில் ஆங்கிலேயர் வழியாக அங்கே சென்றடைந்தது. கடைகளில் கட்டிகளாக விற்கும் அதன் மசாலாவில் மாட்டுக் கொழுப்புச் சேர்வது சாதாரணம்.

அறுசுவையில் ஆறாவது சுவை

மடத்துச் சமையலுக்கு ஷோஜின் ரியோரி என்பது பெயர். 'ஷோஜின்' என்னும் சொல், பௌத்த நூல்களில் வரும் 'வீரியம்' என்ற வடசொல்லுக்கு நேரானது. இடைவிடாத முயற்சி, சாதனை என்பது அதன் கருத்து. சாதனை செய்பவர் உண்ணும் உணவாதலின் அப்பெயர் பெற்றது. இறைச்சி, மீன் ஆகியவற்றோடு பூண்டு, வெங்காயம் முதலிய காரமணம் மிகுந்தவையும் விலக்கப்படும். விரத நாள்களில் இவற்றை விலக்கும் நம் இல்லங்களுக்கு இது புதியதன்று.

இச்சமையலுக்குத் தத்துவப் பெருமை சேர்த்தவர் டோகென் என்னும் ஜென் ஆசான். 1223இல் இளந்துறவியாகச் சீனத்துக்குச் சென்ற அவர், அங்கே ஒரு மடத்தில் கண்ட காட்சியைப் பிற்காலத்தில் எழுதி வைத்தார். உச்சிவெயிலில், தலைக்குத் தொப்பியுமின்றி, வில்லாக வளைந்த முதுகோடு ஒரு முதியவர் காளான்களை உலர்த்திக்கொண்டிருந்தார். அவரே அம்மடத்தின் தலைமைச் சமையற்காரத் துறவி, வயது 68. வேலையாள் எவரிடமாவது இதை ஒப்படைக்கலாகாதா என்று டோகென் கேட்டார். பிறர் செய்தால் அது தாம் செய்ததாகாதே என்றார் முதியவர். இந்த வெயிலில்தான் செய்ய வேண்டுமா என்றதற்கு, இப்போது விட்டால் வேறெப்போது செய்வது என்று திருப்பிக் கேட்டார். டோகென் வாயடைத்துப் போனார். தியான மண்டபத்தில் தேடி வந்தது சமையற்கட்டின் முற்றத்திலேயே கிடைத்துவிட்டது அவருக்கு.

1237இல் அவர், மடத்துச் சமையற்காரருக்கான நெறிகளை ஒரு தனி நூலாகவே எழுதினார். ஒரு மணி அரிசியும் வீணாகாமல் களைவது, களைந்த நீரையும் அலட்சியமாகக் கொட்டாதிருப்பது, எளிய கீரையையும் உயர்ந்த பண்டத்தையும் ஒரே மனத்தோடு கையாள்வது என்றெல்லாம் அந்நூல் விரிகிறது. அதில் அறுசுவையும் கூறப்படுகிறது. ஐந்து சுவைகள் நாம் அறிந்தவையே: கசப்பு, புளிப்பு, இனிப்பு, கார்ப்பு, உவர்ப்பு. ஆறாவதாக நாம் துவர்ப்பைச் சொல்வோம். டோகென் கூறும் ஆறாவது சுவையோ மென்மை. அதாவது, காய்க்கு இயல்பாகவே உள்ள சுவையை மசாலாவால் மறைத்துவிடாத தன்மை. காரத்தையும் புளியையும் குறைத்துக்கொள்ளும்படி மருத்துவர் சொல்லி முகம் சுளித்தவர்கள், அந்த ஆறாவது சுவையைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

பழைய தலைநகரான கியோட்டோவில் இவ்வுணவை நாடுவது எளிது. மேற்கே அராஷியாமாவில் தென்ரியூஜி ஆலய வளாகத்துக்குள்ளேயே ஷோஜின் உணவு பரிமாறும் கூடம் இருக்கிறது. கிழக்கே நான்சென்ஜி ஆலயத்தைச் சுற்றி, கோம்பு இட்ட நீரில் டோஃபு என்னும் சோயாப் பால் கட்டியைக் கொதிக்கவைத்துத் தரும் யுதோஃபு கடைகள் உள்ளன. தொட்டுக்கொள்ளும் சாற்றைப் பற்றி மட்டும் முன்சொன்ன கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். சற்றுத் தெற்கே ஊஜி நகரில், சீனத்துறவி இங்கென் 1661இல் நிறுவிய மன்புகுஜி மடத்தில், நால்வர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பொதுத்தட்டிலிருந்து பகிர்ந்து உண்ணும் வேறு வகைச் சைவ விருந்து உண்டு. இவ்விடங்களில் முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

உணவில் வருபவை: சோயாப் பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஆடையாகிய யுபா, கோதுமைப் பசையால் ஆன ஃபு, எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிளறிய எள் டோஃபு, மிசோ தடவிச் சுட்ட கத்தரிக்காய், பருவத்துக் காய்கள், ஊறுகாய், சோறு. அளவு சிறிது, கிண்ணங்கள் பல. முதற்பார்வையில் "இவ்வளவுதானா?" என்று தோன்றும்; நிதானமாக உண்டு எழும்போது வயிறு நிறைந்திருக்கும்.

நகரின் நடுவே நிஷிகி என்னும் கடைத்தெரு உள்ளது. குறுகிய அந்தத் தெருவில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. 'கியோட்டோவின் சமையலறை' என்று அதைச் சொல்வார்கள். சிவந்த ஷிசோ இலையோடு ஊறவைத்த கத்தரிக்காய், டர்னிப் கிழங்கை வட்டமாகச் சீவி ஊறவைத்தது என்று ஊறுகாய் வகைகளைப் பார்த்துக்கொண்டே பொழுது போக்கலாம். ஆனால் அங்கே நடந்துகொண்டே தின்பது முறையன்று. வாங்கிய கடையருகே நின்று உண்டுவிட்டுப் பிறகு நடக்குமாறு வேண்டுகிறார்கள்.

பன்னிரண்டு நூற்றாண்டாகப் படைக்கப்படும் அமுது

கியோட்டோவிலிருந்து தெற்கே, ஒசாகா வழியாக ரயிலிலும் பிறகு மலையேறும் இழுவை ரயிலிலும் சென்றால் கோயா மலை. சுமார் 800 மீட்டர் உயரத்தில், மரங்கள் அடர்ந்த மேட்டுநிலம். 816இல் கூக்காய் என்னும் மகான் இங்கே மடம் அமைத்தார். 835இல் அவர் மறைந்தாரென்று அடியார்கள் சொல்வதில்லை; ஓகுனோ-இன் என்னுமிடத்தில் இன்றும் சமாதி நிலையில் வீற்றிருக்கிறார் என்பதே அவர்கள் நம்பிக்கை.

ஆகையால் அவருக்கு நாள்தோறும் அமுது படைக்கப்படுகிறது. காலை 6 மணிக்கும் 10.30 மணிக்கும், வெண்ணிற மரப்பெட்டியில் வைத்த சைவ உணவை மஞ்சள் நிற ஆடை அணிந்த துறவிகள் தோளில் சுமந்து பாலம் கடந்து செல்கிறார்கள். அதற்கு முன் அப்பெட்டி ஒரு சிறு சந்நிதியின்முன் நிற்கும். அங்கிருப்பவர் 'சுவை பார்க்கும் ஜிஸோ' என்னும் தெய்வம். அவர் சுவைத்த பின்னரே உணவு உள்ளே செல்லும். பன்னிரண்டு நூற்றாண்டாக வழிவழி வரும் வழக்கமாக இதைப் போற்றுகிறார்கள். நம் ஆலயங்களில் தளிகை எழுந்தருளும் காட்சியைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, மொழி தெரியாத அந்த மலையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டியிராது.

கோயா மலையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மடங்கள் யாத்திரிகர்களுக்குத் தங்க இடம் தருகின்றன. மாலை ஐந்தரை, ஆறு மணியளவிலேயே இரவு உணவு வந்துவிடும். இருட்டும் முன் உண்ணும் பழக்கமுள்ளவர்களுக்கு ஏற்றது. டோஃபுவை உறைபனியில் உலர்த்திச் செய்யும் 'கோயா டோஃபு' இம்மலையின் பெயர் பெற்ற பண்டம். காலை வழிபாட்டில் கலந்துகொண்ட பிறகே சிற்றுண்டி. பாயில் அமர்ந்து உண்பது அங்கே வழக்கம்; முழங்கால் வலியுள்ளவர்கள் தாழ்ந்த நாற்காலி வேண்டுமென முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். மலையில் குளிர் அதிகம், கம்பளியாடை தேவை. பழம், காய்கறி, கறிவேப்பிலை போன்ற பச்சைப் பொருள்களை இந்தியாவிலிருந்து எடுத்துச் செல்ல வேண்டா. உரிய சான்றிதழ் இல்லாவிடில் ஜப்பானிய விமான நிலையத்தில் அவற்றை அனுமதிப்பதில்லை.

வீட்டில் உண்பது என்ன?

விருந்தும் மடத்துணவும் ஒருபுறம் இருக்க, அந்த ஊர் மக்கள் இரவில் தம் வீட்டில் என்ன உண்கிறார்கள்? 'இச்சிஜூ சான்சாய்' என்பது அவர்கள் வழிவழியாகக் கூறும் அளவு. ஒரு சாறு, மூன்று தொடுகறி என்பது பொருள். சோறும் ஊறுகாயும் எப்போதும் உண்டு என்பதால் கணக்கில் சேர்வதில்லை. சோற்றுக்கிண்ணம் இடப்புறம், சாறு வலப்புறம், தொடுகறிகள் அப்பால். மடத்துணவிலும் பெருவிருந்திலும் இந்த அமைப்பின் சாயலைக் காணலாம். வசதியில்லாத நாளில் மூன்று தொடுகறி ஒன்றாகக் குறையும், அமைப்பு மாறுவதில்லை.

கியோட்டோவின் வீட்டுச் சமையலுக்கு 'ஒபன்சாய்' என்று பெயர். பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் காயைக் கொண்டு, எதையும் வீணாக்காமல் செய்வது அதன் இயல்பு. அமாவாசைக்கு இன்ன காய், துவாதசிக்கு இன்ன கீரை என்று நாம் வைத்திருப்பதுபோல, அங்கும் நாளுக்கேற்ற பண்டம் உண்டு. எட்டு என்ற எண் வரும் தேதிகளில் அராமே என்னும் கடற்பாசி. மாதத்தின் கடைசி நாளில், டோஃபு செய்தபின் எஞ்சும் சோயாச் சக்கையாகிய ஒகாரா. சக்கையை வறுக்க வேண்டும். ஜப்பானிய மொழியில் 'வறுத்தல்' என்பதும் 'உள்ளே வருதல்' என்பதும் ஒரே ஒலியுடையவை. அடுத்த மாதம் காசு உள்ளே வரட்டும் என்ற வேண்டுதலையும் அச்சக்கையோடு சேர்த்தே வறுத்துவிடுகிறார்கள்! மாதக் கடைசியில் மலிவான பண்டம் என்ற சிக்கனமும் அதனுள் ஒளிந்திருக்கிறது.

உண்பதற்கு முன் கைகூப்பி 'இத்தாதாகிமாசு' என்பார்கள்; தாழ்மையோடு பெற்றுக்கொள்கிறேன் என்பது பொருள். முடிந்ததும் 'கோச்சிசோசாமா'. அச்சொல்லின் உள்ளே 'ஓடியாடுதல்' என்ற கருத்து இருக்கிறது. இவ்வுணவுக்காக ஓடியாடிப் பொருள் சேகரித்துச் சமைத்தவருக்கு நன்றி என்பதே அதன் குறிப்பு. வீட்டில் முன்னோர் பீடம் இருந்தால், சோறானதும் முதற்கரண்டி அங்கே படைக்கப்படும். நகரத்து அடுக்ககங்களில் இவ்வழக்கம் குறைந்து வருகிறது.

தனித்து உண்பதும் கூடி உண்பதும்

குறைந்து வருவது அது மட்டுமன்று. ஜப்பானிய மொழியில் 'கோஷொகு' என்றொரு சொல் வழங்குகிறது. ஒரே ஒலி, எழுதும் எழுத்து மாறினால் பொருள் மாறும். ஓர் எழுத்தில், ஆளின்றித் தனியே உண்ணுதல். மற்றோர் எழுத்தில், ஒரே வீட்டில் ஒரே மேசையில் இருந்தும் ஒவ்வொருவரும் தத்தம் உணவைத் தனித்தனியே உண்ணுதல். முதலாவதை முதுமையின் விதி என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு என்ன சொல்வது?

இதை ஒரு குறையாக உணர்ந்தே ஜப்பான், உணவுக் கல்விக்கென 2005இல் ஒரு சட்டம் இயற்றியது. காலையுணவையும் இரவு உணவையும் குடும்பத்தோடு கூடி உண்ணும் வேளைகளைப் பெருக்குவது, அதையொட்டி வகுத்த திட்டங்களின் இலக்குகளுள் ஒன்று. கூடி உண்பதற்கு அவர்கள் கூறும் சொல் 'கியோஷொகு'. அச்சொல்லுக்கு அந்நாட்டு வழக்காற்று அறிஞர்கள் இன்னும் ஆழமான பொருள் காண்கிறார்கள்: தெய்வமும் மனிதரும் சேர்ந்து உண்ணுதல். ஷின்தோ ஆலய விழா முடிந்ததும் தெய்வத்துக்குப் படைத்ததை எல்லாரும் பகிர்ந்து உண்பர். புத்தாண்டு நாளில் வைக்கும் உணவுக்குச்சிகள் இருமுனையும் கூர்மையாக இருக்கும். ஒரு முனை மனிதருக்கு, மறுமுனை தெய்வத்துக்கு. 2013இல் யுனெஸ்கோ நிறுவனம் ஜப்பானிய உணவு மரபை மானுடப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றபோது, புத்தாண்டுக் கொண்டாட்டத்தோடு அதற்குள்ள தொடர்பையே சிறப்பாகக் குறிப்பிட்டது.

இங்கும் நிலைமை வேறன்று. பிள்ளைகள் அயல்நாட்டிலோ அயலூரிலோ இருக்க, முதியவர் இருவர் மட்டும் வாழும் இல்லங்கள் எத்தனை! "நமக்கென்ன, இருவர்தாமே" என்று பகல் சாதத்தில் மோர் ஊற்றி, தொலைக்காட்சியின் முன் ஆளுக்கொரு நேரத்தில் உண்டு எழுந்துவிடுகிறார்கள். துணையை இழந்தவர்கள் இரவில் அடுப்பே மூட்டுவதில்லை. பிள்ளைகளோடு வாழும் வீடுகளிலும், கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொருவரும் தனித்தீவாக உண்பதே மிகுதி. உடல் மெலிவது பிறகு. முதலில் மெலிவது, நமக்காகவும் ஒருவேளை உணவு ஒழுங்காக அமைய வேண்டும் என்ற எண்ணம்.

ஆகவே ஜப்பான் சென்று வரும் அன்பர்கள் அங்கிருந்து தேயிலைப் பொட்டலத்தையும் விசிறியையும் மட்டும் கொண்டுவர வேண்டியதில்லை. ஒரு சாறு, ஒரு காய், சூடான சோறு; இருவருக்கென்றாலும் ஒருவருக்கென்றாலும் தட்டில் முறையாகப் பரிமாறி, முதலில் பூஜையறையில் காட்டிவிட்டு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உண்ணும் வழக்கத்தைக் கொண்டுவரலாம். தனித்திருப்பவர்கள் வாரத்தில் ஒருநாளாவது எதிர்வீட்டுத் தனியரை அழைத்துச் சேர்ந்து உண்ணலாம். ரசமும் அப்பளமும் போதும். பயணம் போக வாய்க்காதவர்களுக்கும் இதில் இழப்பொன்றும் இல்லை. இதற்குக் கடவுச்சீட்டு தேவைப்படாது. இன்று இரவே தொடங்கலாம்.